எதிர்வரிசை

அந்தத் தெரு ஆண்டுக்கு ஒரு சாண் குறுகிக்கொண்டிருந்தது என்பதை முதலில் கண்டுபிடித்தது குப்பை லாரி. தெருமுனையில் ஒரே வீச்சில் திரும்பிப் பழகிய வண்டி, ஒரு திங்கட்கிழமை தபால்காரர் வீட்டுச் சன்னலைப் பிய்த்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் வாழ்நாளில் தேநீரைத் தவிர எதையும் தொடாதவர். அவர் சன்னலோடு கதவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு நகரசபை சிறிய லாரி ஒன்றை வாங்கியது. சில ஆண்டுகள் கழித்து மூன்று சக்கர வண்டி வந்தது, பிறகு தள்ளுவண்டி, கடைசியில் தலையில் சுமக்கும் கூடை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குப்பை போய்க்கொண்டிருந்தவரை கேட்பதற்கு எதுவும் இல்லை.

காரணம் எளியது. கடலின் தரை ஊருக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. பாய்க்கு அடியில் பாயைச் செருகுவதுபோல் காலம்காலமாக அது நுழைந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் மேல்பாறையும் கீழ்ப்பாறையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டன. கவ்வியது விடவில்லை, கடல் தள்ளுவதையும் நிறுத்தவில்லை, நடுவில் ஊர் நசுங்கியது. கடற்கரைக்கு இணையாக ஓடிய தெருக்கள் அகலம் குறைந்தன. கடலை நோக்கிப் போன தெருக்கள் நீளம் குறைந்தன. வீடுகள் மட்டும் பிடிவாதமாக அதே அளவில் இருந்தன. மாலையில் காற்று வாங்கப் போகும் முதியவர்கள், கடற்கரை முன்னைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டதற்காக நகரசபைக்கு நன்றி சொன்னார்கள். நகரசபை அந்த நன்றியைப் பணிவோடு ஏற்றுக்கொண்டது.

அந்தத் தெருவின் கடல்பக்கத்து வரிசையில் வீட்டோடு சேர்த்துக் கண்ணாடிக்கடை வைத்திருந்தவர் அண்ணன். நேர் எதிரே மலைப்பக்கத்து வரிசையில் குடியிருந்தவர் தம்பி. அண்ணன் சன்னல்களுக்கும் படச் சட்டங்களுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுத்தார். அவருடைய பத்து விரல்களில் தழும்பு இல்லாத விரல் ஒன்றும் கிடையாது. அந்த விரல்களை வைத்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தார். தம்பி படித்து நகரசபையில் நில அளவையாளர் ஆனார். ஊர் அவருக்கு டேப்பு என்று பெயர் வைத்தது. தம்பிக்கு வேலை கிடைத்த அன்று அண்ணன் கடை வாசலின் கருங்கல் படியில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எந் தம்பி அளந்தான்னா கடவுளே வந்தாலும் மறுபடி அளக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படியைத்தான் தம்பி இடித்தார்.

அந்த ஊரின் சட்டப்படி இருபது அடி அகலம் இல்லாதது தெரு ஆகாது. அது சந்து. சந்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது, சாக்கடை கிடையாது. தெரு தானாகக் குறையாது, குறைந்தால் யாரோ தின்றிருக்கிறார்கள் என்பது நகரசபையின் கொள்கை. தம்பி முதன்முதலாக அளந்தபோது தெரு இரண்டு சாண் குறைந்திருந்தது. வரிசையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை அண்ணன் கடையின் படிகள் மட்டுமே. சொந்த அண்ணனுக்கு முதல் நோட்டீஸ் ஒட்டினால் தன் நேர்மையைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்க முடியாது என்று தம்பி நினைத்தார். அது நடந்தது. கடப்பாறைகளோடு ஆட்கள் வந்தபோது அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"நீ கால்சட்டை போடாம திரிஞ்ச காலத்துலேருந்து இந்தப் படி இங்கதானேடா இருக்கு?"

"டேப்புல வருதுண்ணே. நான் என்ன பண்ண?"

"நான் நகரலடா. தெருதான் நகந்திருக்கு."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். நோட்டீசைக்கூட அண்ணன் மன்னித்திருப்பார், அந்தச் சிரிப்பைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை என்று அண்ணி பிற்பாடு சொன்னார். படிகள் ஒரு மணி நேரத்தில் போயின. அண்ணன் கடைக்குள் போய், வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை வெட்டி முடித்து, மனைவியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "தெருதான் நகந்துச்சுன்னு அவன் வாயால சொல்லட்டும். அன்னிக்குப் பேசறேன்." அதற்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசவில்லை. கடைக்குள் ஏற வாடிக்கையாளர்களுக்கு ஒரு மரப்பெட்டியை வைத்தார். காலையில் வைப்பார், மாலையில் எடுத்துவிடுவார்.

அடுத்த முறை அளந்தபோது தெரு மறுபடியும் குறைந்திருந்தது. இடிப்பதற்குப் படிகள் மிச்சமில்லை. கணக்குப்படி தபால்காரரின் சுவர் தெருவுக்குள் வந்திருந்தது, மருந்துக்கடை வந்திருந்தது, தம்பியின் சொந்த வீட்டு முன்னறை வந்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக நகரசபைத் தலைவரின் மாடி முகப்பும் வந்திருந்தது. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். ஒரு மனிதனுடைய படி நகரலாம், தலைவருடைய மாடி நகராது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு இருந்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து டேப் நீண்டுபோய்விட்டது என்று முடிவு செய்தார்கள். நீண்டதைச் சரிசெய்ய, அடிகள் சற்று நெருக்கமாக அச்சிட்ட புதிய டேப் வந்தது. அதில் தெரு கச்சிதமாக இருபது அடி இருந்தது. மறு ஆண்டு அதைவிட நெருக்கமான டேப் வந்தது, அதற்கு மறு ஆண்டு அதைவிட. தையல்காரர்களும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நகரசபை டேப்பையே பயன்படுத்த வேண்டியிருந்ததால் ஊரில் எல்லோரும் உயரமானார்கள். பெண்ணுக்கு ஆறு அடி மாப்பிள்ளை வேண்டும் என்று அடம் பிடித்தவர்களுக்கெல்லாம் சுலபமாகக் கிடைத்தது. பத்து ஆண்டுகளில் ஏழடிக்குக் குறைந்த ஆண்பிள்ளை அந்த ஊரில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். சோற்றைக் குவித்துக்கொண்டே போனால் அது கஷ்டமே இல்லை.

அண்ணன் சொன்னது உண்மை என்று தம்பிக்கு இரண்டாவது டேப் வந்த அன்றே தெரிந்துவிட்டது. சொன்னால் வேலை போகும். தெரு சந்தாகும், தண்ணீர் நிற்கும், தலைவர் முகத்தில் விழிக்க முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். தெரு ஆண்டுக்கு ஒரு சாண் மெலிய, அந்த ஒற்றை வாக்கியம் தம்பியின் தொண்டையில் ஆண்டுக்கு ஒரு சாண் பருத்தது. அண்ணனோடு பேசாத ஒவ்வொரு ஆண்டும் அண்ணன் வீடு அவர் வீட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது. அண்ணன் தும்மினால் தம்பி வீட்டு விளக்கு ஆடியது. அண்ணன் தன் வேலை மேசையைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கடைச் சன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டார். ஆனால் சமையலறைச் சன்னல் அண்ணியின் வசம் இருந்தது. அதற்கு மங்கல் கண்ணாடி போட விடமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

ஆகவே ஆண்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர்களுடைய மனைவிகளான ஓர்ப்படிகள் இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். முதலில் இரண்டு சன்னலுக்கும் நடுவே பொதுவாக ஒரு துணிக்கொடி கட்டினார்கள். பிறகு கை நீட்டினால் சர்க்கரைக் கிண்ணம் எட்டியது. பிறகு ஒரே வானொலி இரண்டு வீட்டுக்கும் போதும் என்று ஆனது. தம்பி மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணி தன் அடுப்படியில் நின்றபடியே நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். இருவருக்குமே பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேறு யாரும் அந்தத் தெருவில் அவர்களுக்கு இல்லை. "ஒரு வகையில நல்லதுதான்க்கா, இப்படி நெருங்கி வந்தது" என்று தம்பி மனைவி சொன்னபோது, "நெருங்கி வர்றதெல்லாம் நல்லதுக்குன்னு யார் சொன்னா?" என்றார் அண்ணி.

இதற்குள் கரையோரத்து ஊர்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்கியிருந்தன. முதலில் வடகோடியில் இருந்த உப்பள ஊர். ஒருநாள் காலை அங்கே கவ்விய பாறை விட்டது. அதுவரை நசுங்கிக் கிடந்ததெல்லாம் மூச்சுவிடுவதற்குள் பழைய அளவுக்கு நிமிர்ந்தது. தெருக்கள் மைதானங்களாக விரிந்தன. வீடுகளுக்கு அந்த வேகத்தில் கூடவர முடியவில்லை. பிறகு கடல் வந்து பார்த்தது. நான்கு பேர் பீரோ தூக்கும்போது ஒருவன் தோளை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் தோளில் பாரம் இறங்கும் அல்லவா, அதுபோல் உப்பள ஊர் விட்ட பாரம் அதற்குத் தெற்கே இருந்த கப்பல் உடைக்கும் ஊரின்மேல் இறங்கியது. சில ஆண்டுகளில் அதுவும் தெறித்தது. அடுத்தது நாம்தான் என்று ஊர் மூட்டை கட்டிக் காத்திருந்தபோது, பாரம் ஊரைத் தாண்டிப் போய்த் தென்பக்கத்துக் கலங்கரை விளக்க ஊரைத் தெறிக்கவைத்தது. மூட்டைகளைப் பிரித்தார்கள். நல்லவர்கள் ஊரை எதுவும் அண்டாது என்று தலைவர் பேசினார். வடக்கே அறுந்துவிட்டது, தெற்கே அறுந்துவிட்டது, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல் நடுவில் தங்கள் ஊர் மட்டும் மிச்சம் என்பதைத் தம்பி புரிந்துகொண்டார். அந்த ஆண்டு தெரு ஒரு சாணுக்குப் பதிலாக ஒரு முழம் குறுகியது.

அப்போதுதான் தலைநகரிலிருந்து பூகம்ப ஆய்வாளர் ஒருவர் வந்தார். இளவயதுப் பெண். மழைக்கோட்டும் முக்காலியில் நிறுத்தும் கருவிகளுமாக, தூக்கம் கெட்ட கண்களோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நகரசபைக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து விளக்கினார்: கவ்விக்கொண்ட நிலம் குறுகும், குறுகக் குறுக ஒருநாள் தெறிக்கும், குறுகாத நிலம் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டிருக்கிறது, அதில் பாரம் ஏறாது, அங்கே பயமில்லை. எப்போது தெறிக்கும் என்று தலைவர் கேட்டார். அடுத்த மாதமும் இருக்கலாம், அடுத்த தலைமுறையும் இருக்கலாம் என்றார் ஆய்வாளர். "தேதி சொல்லத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா மைக்கு?" என்றார் தலைவர். கூடம் சிரித்தது. அந்தக் கூடத்துக்கு எப்போதும் சிரிப்பு சுலபமாக வரும்.

ஆய்வாளர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கருவிகள் ஓர் ஊரைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆகும், அத்தனை காலம் தன்னிடம் இல்லை, அதனால் அந்தந்த ஊர் அளவையாளர்களிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். தம்பியை அந்தத் தெருவுக்கே அழைத்துப் போனார். ஆய்வாளரின் கண்ணுக்கு அது ஒரு சந்து. எல்லா ஊரிலும்தான் சந்துகள் இருக்கின்றன. இரண்டு சுவர்களையும் ஒரே நேரத்தில் இரு கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"இது முன்னாடி எவ்ளோ அகலம் சார் இருந்துச்சு? நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப?"

தலைவர் இரண்டடி தள்ளி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் வைரமுனையால் கண்ணாடியைக் கீறும் ஓசை நின்றது.

"எப்பவும் இதே அகலம்தான் மேடம்" என்றார் தம்பி. "ஒரு விரல்கூட மாறல."

கீறும் ஓசை மறுபடி தொடங்கியது. ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. அந்தக் கரையில் அவர் கேட்ட முதல் நல்ல செய்தி அது. "அப்ப இந்த ஊர் வழுக்கிக்கிட்டு இருக்கு சார். தப்பிச்சீங்க" என்றார். அபாய வரைபடத்தில் கரையோரம் முழுவதும் சிவப்பாக இருக்க, அந்த ஊரை மட்டும் பச்சையாக்கினார். கப்பல் உடைக்கும் ஊரில் பிழைத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அங்கே குடியேற வந்தார்கள். கடற்கரையில் மூன்று மாடி மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

இது பாதுகாப்பான ஊர் என்று தலைநகரம் கொடுத்த சான்றிதழ் வந்த வாரத்தில் அண்ணி சமையலறைச் சன்னலைத் திறந்து தம்பியைக் கூப்பிட்டார். அப்போது இரண்டு சன்னலுக்கும் நடுவே ஒரு தலையணை அளவுக்குத்தான் இடம் இருந்தது.

"தம்பி, நான் படிச்சவ இல்ல. ஆனா வடக்க போச்சு, தெக்க போச்சு, நடுவுல இருக்கறது மட்டும் எப்படி நிக்கும்?"

தம்பி சன்னல் விளிம்பில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"எப்ப தெறிக்கும்?"

"தெரியல அண்ணி. ஆனா தெறிக்கும். உங்க வரிசை கடல்பக்கம் போயிடும். மேல மலையில எங்க மச்சான் வீடு காலியாத்தான் கிடக்கு. அண்ணனக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே போயிடுங்க."

"நான் சொன்னா வருவாரா? நீங்க சொல்லணும். அவர் கேக்கறது ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருசமா அதக் கேக்கறதுக்குத்தானே காத முதுகுப் பக்கம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்?"

"சொல்றேன் அண்ணி."

"கடை வாசல் வழியாப் போங்க. திருடன் மாதிரி சன்னல்ல தொங்கிக்கிட்டு சொல்லாதீங்க."

தம்பி அன்றைக்கே போனார். மரப்பெட்டி வைக்கத் தெருவில் இடம் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்ததால், ஒரு காலைத் தன் வீட்டுச் சுவரில் ஊன்றி மறுகாலைத் தூக்கி வைத்துக் கடைக்குள் ஏறினார். உள்ளே நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புச் சான்றிதழுக்குச் சட்டம் போட வந்திருந்தார். அண்ணன் அதற்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"வா டேப்பு! உன்னாலதான் நமக்கு இந்த மரியாதை" என்று தலைவர் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். தம்பி அண்ணனின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு எப்போது அவ்வளவு வளைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே" என்றார்.

அண்ணன் வெட்டுவதை நிறுத்தினார். திரும்பவில்லை.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு அண்ணியக் கூட்டிக்கிட்டு மலைப்பக்கம் போய் இருங்களேன். காத்து நல்லா இருக்கும்."

"ஏன்?" என்றார் அண்ணன். படி போன நாளுக்குப் பிறகு தம்பியை நோக்கி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல, சும்மாதான். ஒடம்புக்கு நல்லதுன்னு..."

"தெரு எத்தனை அடி?"

தலைவர் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல்கூட இல்லை, நட்புதான் இருந்தது. தம்பி வாயைத் திறந்தார். எத்தனையோ ஆண்டு பருத்திருந்த வாக்கியம் தொண்டையில் குறுக்காக நின்றது. அதன் இடுக்கு வழியாகப் பழகிய சொல் ஒன்று தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இருபது."

"அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். "வேலையப் பாரு, போ." கண்ணாடியைக் கீறிய கோட்டில் தட்டினார். அது கச்சிதமாக இரண்டாகப் பிரிந்தது.

அதன்பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் தொடங்கின. அலமாரிப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன, நாய்கள் கடலுக்கு எதிர்ப்புறமாகத் தலைவைத்துப் படுத்தன. ஊரில் சன்னல்கள் உடைந்தபடி இருந்ததால் அண்ணன் கடையில் கூட்டம் அலைமோதியது. இந்த அதிர்வுகள் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைக்கின்றன, நல்ல அறிகுறி என்று நகரசபை அறிவித்தது. தம்பி தினமும் கடை வாசல்வரை போனார். தினமும் உள்ளே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று திரும்பிவந்தார்.

தெறித்தது ஒரு காலைப்பொழுது, நல்ல வெயில். தம்பி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஓர்ப்படிகள் இருவரும் அவரவர் சன்னலில் நின்று, துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓசை எதுவும் இல்லை. விரிப்பு மட்டும் விறைத்தது. தம்பி மனைவி, "அக்கா, ஏன் இழுக்கறீங்க?" என்று கேட்டார். "நான் இழுக்கலடி" என்றார் அண்ணி. அதற்குள் தெரு அகன்றுகொண்டிருந்தது. சந்தாக இருந்தது தெருவாகி, தெரு சாலையாகி, எதிர்வரிசை வீடுகள் எல்லாம் கதவு சன்னல்களோடு, வாசலில் நின்றவர்களோடு, ரயில் கிளம்புவதுபோல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. தம்பி மனைவி விரிப்பை விடவில்லை. சன்னலுக்கு வெளியே இடுப்புவரை போய்விட்டார். அண்ணி தன் கைகளைப் பார்த்தார், ஓர்ப்படியைப் பார்த்தார், விரிப்பை விட்டுவிட்டார். அப்போதுதான் ஓசை வந்தது. தம்பி ஓடிவந்து வெளியே பார்த்தபோது மங்கல் கண்ணாடிச் சன்னல் திறந்திருந்தது. அண்ணன் அதில் நின்று நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்தாரா, வேறு எப்படியாவது பார்த்தாரா என்று தெரிந்துகொள்வதற்குள் முகம் ஒரு புள்ளியாகிவிட்டது. தம்பி ஏதோ கத்தினார். விழுகிற வீடுகளின் சத்தத்தில் அவருக்கே அது கேட்கவில்லை. பிறகு, திறந்து கிடந்த இடத்துக்குள் கடல் வந்தது, வந்து தங்கிவிட்டது.

மலைப்பக்கத்து வரிசையில் பாதிக்குமேல் இடிந்தது. கட்டி முடிக்காத மருத்துவமனை முழுவதும் போயிற்று. இறந்தவர்களை எண்ணி அடக்கம் செய்தார்கள். பச்சை நிறத்தை நம்பி வந்திருந்த கப்பல் உடைக்கும் ஊர்க்காரர்கள்தான் அதில் அதிகம். சான்றிதழ் மாட்டியிருந்த சுவரை ஒட்டித் தலைவர் கிடைத்தார். ஆனால் எதிர்வரிசையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அது மூழ்கவில்லை. தெளிவான நாட்களில் அடிவானத்துக்குச் சற்று இந்தப்பக்கம் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் அந்த வீடுகள் தெரிந்தன. மாலையில் விளக்குகள் எரிந்தன. சில காலைகளில் கண்ணாடிக்கடையிலிருந்து வெயில் பட்டுத் தெறிக்கும் பளிச் ஒன்று வந்தது. மீட்புப் படகுகள் போயின. காலையிலிருந்து சாயங்காலம்வரை துடுப்புப் போட்டாலும் படகு புறப்பட்டபோது இருந்த தூரத்திலேயே அந்த வரிசை இருந்தது. படகுக்காரர்கள் அலுத்துத் திரும்பினார்கள். புதிய நகரசபை கூடி, அவர்கள் இறந்தவர்களும் அல்ல, காணாமற்போனவர்களும் அல்ல, விலாசம் மாறாதவர்கள் என்று முடிவு செய்தது. கடல்மேல் ஆக்கிரமிப்பு செய்ததாக அவர்களுக்கு ஒரு நோட்டீசும் தயாரானது. கொண்டுபோய் ஒட்ட ஆள் கிடைக்கவில்லை. நடுவில் கிடந்த நீர் இருபது அடிக்குக் குறையாததால் சட்டப்படி அது தெருவாகவே நீடித்தது. படகுகள் இடதுபக்கமாகவே செல்ல வேண்டும் என்று ஒரு பலகை வைத்தார்கள்.

தம்பியை யாரும் தண்டிக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்டிருந்தால் ஊர் முழுவதையும் கேட்க வேண்டியிருந்திருக்கும். மனைவி அவருக்குச் சமைத்தார், துவைத்தார், காய்ச்சலில் கவனித்துக்கொண்டார். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் எதிர்வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் விடிந்ததும் தம்பி வீட்டை விட்டு இறங்கி, தெரு முடிந்து நீர் தொடங்கும் விளிம்பில் போய் நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, முழு மூச்சையும் கூட்டி, "நீ நகரலண்ணே, தெருதான் நகந்துச்சு!" என்று கத்தினார். மறுநாளும் கத்தினார். முதல் வாரம் குழந்தைகள் கூடிச் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. மீன் ஏலம் விடுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டு ஏலத்தைத் தொடங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் அந்தக் குரலுக்குக் கடையைத் திறந்தார்.

ஆய்வாளர் திரும்பிவந்தபோது அவருக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கருவிகளை ஊன்றி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஒருநாள் காலை விளிம்பில் தம்பியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சொன்னத வச்சுத்தான் சார் பச்சை போட்டேன்."

"தெரியும் மேடம்."

"மறுபடியும் கவ்விக்கிச்சு" என்றார் ஆய்வாளர், கெட்ட செய்தி சொல்லும் தணிந்த குரலில். "எதிர்வரிசை இந்தப்பக்கம் வர ஆரம்பிச்சிருக்கு. வருசத்துக்கு ஒரு சாண்."

தம்பி எதிரே பார்த்தார். அவர் முகத்தில் வந்ததை ஆய்வாளர் இதற்குமுன் எந்த ஊரிலும், அந்தச் செய்தியைக் கேட்ட எந்த முகத்திலும் பார்த்ததில்லை. அதைத் தாங்கமாட்டாமல் அவசரமாகச் சொன்னார்: "சந்தோஷப்படாதீங்க சார். கிட்ட வர வர ஆபத்து. அவங்க காதுல உங்க குரல் விழற தூரத்துக்கு வர்றதுக்குள்ள எத்தனையோ தலைமுறை போயிடும். அப்படி வந்தாலும் அது மறுபடி தெறிக்கப்போற நேரமாத்தான் இருக்கும்."

"அப்படின்னா இங்கேருந்தே கேக்கற மாதிரி இன்னும் கொஞ்சம் சத்தமா கத்தணும்" என்றார் தம்பி.

கரையில் மீன் கூடைகள் வந்திறங்கத் தொடங்கியிருந்தன. ஏலக்காரர் இன்னும் வாயைத் திறக்காமல் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு விளிம்பை நோக்கி நடந்தார். மீன் வாங்க வந்திருந்தவர்கள் பைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.